கம்பி எத்தனை? வாசல் கோலத்தில் ஒரு கணக்குப் பாடம்

மூன்று புள்ளி, நான்கு வரிசை. நேர்ப்புள்ளியாக வைத்து எல்லாப் புள்ளிகளையும் சுற்றி நெளிக்கோலம் போட்டால் ஒரே கம்பியில் முடிந்துவிடும். அதையே மூன்று புள்ளி, மூன்று வரிசை என்று வைத்தால் முடியாது. தனித்தனியாக மூன்று கம்பிகள் வேண்டும். நான்கு புள்ளி, ஆறு வரிசை என்றால் இரண்டு கம்பி. ஏன் இப்படி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மீப்பெரு பொதுக் காரணி பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

திருக்கோஷ்டியூர் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். மார்கழியில் சௌமியநாராயணப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் விடியும் நேரத்தில் நடந்தால், சமச்சீர், எண் அமைப்பு, காரணி என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அலகுகளாக வருவதெல்லாம் தரையில் ஒன்றாகக் கிடக்கும். அந்தக் கோலத்தைப் போட்ட பிள்ளையை வகுப்பில் எழுப்பி ஒரு கேள்வி கேட்டால், “எனக்குக் கணக்கு வராது டீச்சர்” என்று தலை குனிந்து நிற்கும். வீட்டில் செய்வது வேறு, பள்ளியில் கேட்பது வேறு என்று அது முடிவுசெய்து வைத்திருக்கிறது. அந்த முடிவை உடைக்க முடியுமா என்பதுதான் இந்தப் பாடத்தில் எனக்கு இருந்த அக்கறை.

கையால் போடும் கோலம்

கோலப் பாடத்தை நோட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள். கட்டம் போட்ட தாளில் புள்ளி தானாகச் சரியான இடத்தில் விழும். பிசகினால் அழிப்பான் இருக்கிறது. கை எட்டாவிட்டால் தாளைத் திருப்பிக்கொள்ளலாம். தரையில் இந்த வசதி எதுவும் கிடையாது. ஏழு புள்ளி வைக்க வேண்டும் என்றால், வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்து, நடுப்புள்ளியை முதலில் வைத்து, இரண்டு பக்கமும் மும்மூன்று வைக்க இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். இடைவெளி சீராக இல்லாவிட்டால் அடுத்தடுத்த வரிசைகளில் அது பெரிதாகிக்கொண்டே போகும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பொடியை எடுத்து, கை தரையைத் தொடாமல் இழுக்கிறோம். கோடு ஒரே கனமாக விழ வேண்டுமானால் கையின் வேகம் மாறக் கூடாது. கை யோசித்து நின்ற இடத்தில் பொடி குவிந்துவிடும். ஆகவே இந்த வளைவு முடிவதற்கு முன்பே அடுத்த வளைவு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். சில பெண்கள் குனிந்தபடியே போட்டு முடித்து நிமிர்வார்கள். முழுக்கோலத்தையும் அவர்கள் பார்ப்பதே அப்போதுதான். படத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒரு துண்டை மட்டும் கண்ணில் பார்த்து வேலை செய்கிற இந்தத் திறமைக்குப் பள்ளியில் நாம் மதிப்பெண் கொடுப்பதில்லை.

இப்போது கோலச் சல்லடை, உருளைக்குழல், ஒட்டும் கோலம் எல்லாம் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். விடிவதற்குள் சமைத்துவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு அரை நிமிடத்தில் வாசல் நிறைந்தால் நல்லதுதான். ஆனால் சல்லடையில் முடிவெடுக்க எதுவும் இல்லை. நம் பாடத்துக்கு வேண்டியது அந்த முடிவுகள்.

ஆகவே வீட்டுப்பாடம் இப்படி: ஒரு சிக்குக் கோலத்தை வீட்டில் கையால் போட்டு, மூன்று எண்களைக் குறித்து வர வேண்டும். எத்தனை புள்ளி எத்தனை வரிசை, மொத்தம் எத்தனை புள்ளி, எத்தனை கம்பி. கூடவே, வீட்டில் கோலம் போடுகிறவரிடம், “கோலம் முடியும்னு முன்னாடியே எப்படித் தெரியும்?” என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வர வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விதான் வீட்டுக்குள் இருக்கும் கணக்கை வெளியே கொண்டுவந்தது.

புள்ளியைக் கூட்டினால்

முதலில் புள்ளிகள். இது ஏழாம், எட்டாம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும். கோலப் புத்தகங்களில் “7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை” என்று போட்டிருக்கும். நடுவில் 7, இரண்டு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25. “9 புள்ளி, 1 வரை” என்றால் 41. “11 புள்ளி, 1 வரை” என்றால் 61. பிள்ளைகள் முதலில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பிறகு வரிசையாகக் கூட்டுவார்கள். இதே புள்ளிகளைச் சாய்வாகப் பார்க்கச் சொல்லுங்கள். 7 புள்ளிக் கோலத்தில் சாய்வாக நான்கு நான்காக நான்கு வரிசையும், அவற்றுக்கு இடையில் மும்மூன்றாக மூன்று வரிசையும் தெரியும். 16-உம் 9-உம் சேர்ந்து 25. 9 புள்ளிக்கு 25-உம் 16-உம் சேர்ந்து 41. 11 புள்ளிக்கு 36-உம் 25-உம் சேர்ந்து 61. இரண்டு அடுத்தடுத்த வர்க்கங்களின் கூடுதல்.

இடுக்குப்புள்ளி வேறு மாதிரி. “5 புள்ளி, 3 வரை” என்றால் 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. “7 புள்ளி, 4 வரை” 37. மார்கழியில் பெரிதாகப் போடும் “13 புள்ளி, 7 வரை” 127. இவை எல்லாம் அறுகோணமாக அடுக்கிய புள்ளிகள். எட்டாம் வகுப்பில் கன எண்கள் நடத்தியபின் இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்: 7 என்பது 8-இல் 1 குறைவு, 19 என்பது 27-இல் 8 குறைவு, 37 என்பது 64-இல் 27 குறைவு, 127 என்பது 343-இல் 216 குறைவு. அடுத்தடுத்த இரண்டு கனங்களின் வித்தியாசம்தான் இடுக்குப்புள்ளிக் கோலத்தின் மொத்தப் புள்ளி.

ஒரு சுவையான இடம் இருக்கிறது. “9 புள்ளி, 5 வரை” இடுக்குப்புள்ளியில் போட்டாலும் 61 வரும். நேர்ப்புள்ளியில் 11 புள்ளிக் கோலத்துக்கும் 61. எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள், அவள் பார்த்து எழுதிவிட்டாள், இவள் பார்த்து எழுதிவிட்டாள் என்று சண்டைக்கு வந்தார்கள். இருவர் கோலமும் வேறு, எண் ஒன்று. சண்டையைத் தீர்க்க இருவரும் வராந்தாவில் போட்டே காட்ட வேண்டியதாயிற்று.

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புள்ளி வைப்பது, எண்ணுவது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பது போதும்.

கம்பியைத் தொடர்ந்தால்

இனிப் பாடத்தின் மையம். செவ்வகமாகப் புள்ளி வைத்த எளிய நெளிக்கோலத்துக்கு விதிகள் மூன்று. கம்பி புள்ளிகளுக்கு இடையே சாய்வாகப் போக வேண்டும். எதிரே கம்பி வந்தால் திரும்பாமல் நேரே வெட்டிக் கடக்க வேண்டும். ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இப்படிப் போட்டால் அடுத்தடுத்து இருக்கும் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு வெட்டு விழும். புள்ளி ஒவ்வொன்றும் தனி அறையில் அடைபட்டிருக்கும். தொடங்கிய இடத்துக்குக் கம்பி திரும்பி வந்தபிறகும் சுற்றாத பகுதி மிச்சம் இருந்தால், இரண்டாம் கம்பியை வேறு நிறச் சுண்ணக்கட்டியில் தொடங்க வேண்டும்.

வராந்தாவில் குழுவுக்கு இரண்டு கோலம் கொடுத்தேன். பிள்ளைகள் கண்டுபிடித்தவை கரும்பலகையில் ஏறின. 2-க்கு 3: ஒரு கம்பி. 2-க்கு 4: இரண்டு. 3-க்கு 3: மூன்று. 3-க்கு 4: ஒன்று. 4-க்கு 4: நான்கு.

“சதுரமா வச்சா பக்கத்துல எத்தனை புள்ளியோ அத்தனை கம்பி டீச்சர்” என்றது முதல் குரல். சரி, சதுரம் இல்லாவிட்டால்? “ஒண்ணு ஒத்தப்படை, ஒண்ணு ரெட்டப்படைன்னா ஒரே கம்பி.” கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் 3-க்கு 6 போடச் சொன்னேன். மூன்று கம்பி வந்தது. ஊகம் உடைந்தபோது வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “அடுத்தடுத்த நம்பரா இருந்தா ஒரே கம்பி” என்றான் ஒரு மாணவன். அது உண்மை, ஆனால் 3-க்கு 5-உம் ஒரே கம்பியில்தான் முடிகிறது. பிறகு 4-க்கு 6 போட்டார்கள். இரண்டு.

முதலில் தலை குனிந்து நின்றதாகச் சொன்ன பிள்ளை, தன் குழுவின் கோலத்தைவிட்டு எழுந்து கரும்பலகைக்கு வந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றது. “ரெண்டு நம்பரையும் மீதி இல்லாம வகுக்கிற பெரிய நம்பர் எதுவோ அதுதான் கம்பி டீச்சர்” என்றது. மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரை நான் எழுதியது அதற்குப் பிறகு. பெயருக்கு முன்னால் பொருள் வந்துவிட்டால் பெயர் மறப்பதில்லை. 6-க்கு 9 போட்டால் எத்தனை என்று கேட்டேன். போடாமலே “மூணு” என்றார்கள். போட்டுச் சரிபார்க்கவும் அவர்களே ஓடினார்கள்.

செவ்வகத்துக்கு மட்டும்தான் இந்த விதி என்பதை அழுத்திச் சொல்லிவிடுங்கள். வைர வடிவத்துக்கும், நடுவில் வெட்டை மாற்றிப் போட்ட கோலத்துக்கும் இது பொருந்தாது.

ஏன் அப்படி?

“ஏன் டீச்சர்?” என்ற கேள்வி வராமல் போகாது. இதற்கு விடை சொல்ல இயற்கணிதம் வேண்டாம். ஈரத்துணி ஒன்று போதும்.

4-க்கு 6 கோலத்தில் ஓர் ஓரமாக 4-க்கு 4 சதுரத்தை மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பகுதியிலிருந்து ஒரு கம்பி இந்தச் சதுரத்துக்குள் நுழைகிறது. அதை விரலால் தொடரச் சொல்லுங்கள். சதுரத்தின் மற்ற மூன்று ஓரங்களிலும் ஒருமுறை வளைந்துவிட்டு, எந்த வெட்டு வழியாக நுழைந்ததோ அதே வெட்டு வழியாக வெளியே வந்துவிடும். எந்தக் கம்பியை எடுத்தாலும் இதேதான். அப்படியானால் அந்தச் சதுரம் கம்பியைப் பொறுத்தவரை ஒரு சுவர் மாதிரி. முட்டித் திரும்பியதற்கும், உள்ளே போய்ச் சுற்றி வந்ததற்கும் வித்தியாசம் இல்லை. சதுரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அறுபட்ட நுனிகளை ஓரக் கோலம்போல வளைத்து மூடுங்கள். 4-க்கு 2 கோலம் நிற்கிறது. கம்பிகளின் எண்ணிக்கை மாறவில்லை. அதிலிருந்து இன்னொரு 2-க்கு 2 சதுரத்தைத் துடைத்தால் மிஞ்சுவது 2-க்கு 2. சதுரத்தில் பக்கத்துக்கு எத்தனை புள்ளியோ அத்தனை கம்பி என்பதைத்தான் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டோமே. ஆகவே இரண்டு.

பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போவது. பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை என்று வருவதும் இதுதான். நம்மில் பலர் அதை a, b, q, r என்று எழுத்துகளில் மட்டுமே படித்துத் தேறியவர்கள். துடைத்து மூடும் இந்த வேலையை ஒருமுறை தரையில் செய்து பார்த்தால், பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் பாடம் வேறு மாதிரி தெரியும்.

அப்பத்தா சொன்ன வழி

வீட்டில் கேட்டு வந்த பதில்கள் பலவகை. “கை பழகிப்போச்சு” என்பதே அதிகம். “ஈடா புள்ளி வச்சா சிக்கு தனித்தனியாப் பிரியும், கூடக் குறைய வையி” என்று ஓர் அம்மா சொல்லியிருந்தார். 3-க்கு 3 மூன்றாகப் பிரியும் என்பதைத்தான் அவர் தன் மொழியில் சொல்கிறார்.

ஒரு மாணவியின் அப்பத்தா இன்னும் ஒருபடி மேலே போனார். “ஈடான புள்ளியா இருந்தா என்ன, வெட்டுற எடத்துல வெட்டாம ரெண்டையும் அதது பக்கம் திருப்பி விட்டா ஒண்ணாச் சேந்துக்கும். ஒரு பக்கம் செஞ்சா மறுபக்கமும் செய்யணும். இல்லாட்டி கோலம் கோணும்.” இதை வகுப்பில் போட்டுப் பார்த்தோம். 3-க்கு 3 கோலத்தில் கீழ் வரிசையில், முதல் புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே கம்பிகளை வெட்டவிடாமல், இடது கம்பி இடப்பக்கமும் வலது கம்பி வலப்பக்கமும் வளையும்படி மாற்றினோம். நடுப்புள்ளிக்கும் மூன்றாம் புள்ளிக்கும் இடையிலும் அதே மாதிரி. மூன்று கம்பிகளும் ஒன்றாகிவிட்டன. இடம் வலம் சமச்சீரும் கெடவில்லை.

இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் வெட்டை நீக்கித் திருப்பினால் இரண்டும் ஒன்றாகும். ஒரு மாற்றத்துக்கு ஒரு கம்பி குறையும். மூன்று கம்பி ஒன்றாக இரண்டு மாற்றம். நான்கு கம்பி ஒன்றாக மூன்று மாற்றம். ஆனால் எந்த வெட்டையும் மாற்றலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரே கம்பி தன்னையே வெட்டும் இடத்தில் கை வைத்தால் அது இரண்டாகப் பிரியவும் கூடும். எந்த இரண்டு கம்பிகள் எங்கே வெட்டுகின்றன என்று நிறம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பத்தா நிறம் இல்லாமலே தேர்ந்தெடுக்கிறார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை என்று மாணவி எழுதியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவரை வகுப்புக்கு அழைத்து வந்தோம். “எனக்கென்ன தாயி தெரியும்” என்று நிலைப்படியிலேயே நின்றவர், தரையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். பேத்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வெட்டையும் மற்றவர்களுக்கு விளக்கினாள். அன்று நான் பெரிதாக எதுவும் நடத்தவில்லை.

இன்னொரு மாணவன் வேறு ஒரு கதவைத் திறந்தான். 3-க்கு 3 கோலத்தைக் கையெடுக்காமலே போட்டுவிட்டு, “மூணு கம்பின்னீங்க, நான் ஒண்ணுலயே போட்டுட்டேன்” என்றான். வெட்டும் இடங்களில் நேரே போகாமல் சில இடங்களில் திரும்பியிருந்தான். விதிப்படி தப்பு என்று தள்ளிவிடலாம். தள்ளாமல் விவாதிக்க விட்டேன். ஒவ்வொரு வெட்டிலும் நான்கு கைகள் பிரிகின்றன, நான்கு இரட்டைப்படை. எல்லாச் சந்திப்பிலும் இரட்டைப்படையாகக் கோடுகள் கூடும், துண்டு துண்டாகப் பிரியாத எந்தப் படத்தையும் கையெடுக்காமல் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை வைத்து 1736-இல் ஆய்லர் கேட்ட கேள்வியும் இந்த வகைதான். ‘கையெடுக்காமல்’ என்பது ஒன்று, ‘ஒரே கம்பி’ என்பது வேறு என்று பிள்ளைகளே பிரித்து எழுதினார்கள். வரையறை என்பது எதற்கு என்று அன்று அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

பொம்பளப் பிள்ளை வேலையா?

ஆண்பிள்ளைகள் சிலர் முதல்நாள் ஒதுங்கி நின்றார்கள். “இது பொம்பளப் பிள்ளைங்க வேலை டீச்சர்.” அவர்களுக்கு அங்கோலா நாட்டின் சோக்வே மக்களைப் பற்றிச் சொன்னேன். அங்கே மணலில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி விரலால் கோடு இழுத்து, இழுத்துக்கொண்டே கதை சொல்வார்கள். சோனா என்று பெயர். அதைப் போடுகிறவர்கள் ஆண்கள். நம் நெளிக்கோலத்தைப் பார்த்த கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியாது. செவ்வகப் புள்ளிகளில் அங்கும் அதே மீப்பெரு பொதுக் காரணி விதிதான். மொசாம்பிக்கில் பணியாற்றிய கணிதப் பேராசிரியர் பவுலஸ் கெர்டஸ் சோனாவையும் நம் கோலத்தையும் சேர்த்தே ஆராய்ந்தவர். 2023-இல் யுனெஸ்கோ சோனாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நம் பக்கத்திலும் இது ஆராய்ச்சியாகியிருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் எப்படி வளரும் என்பது அதன் பொருள். கணினி வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு இது உதவும். ‘சாய்வாகப் போ, வெட்டைக் கட, ஓரத்தில் திரும்பு’ என்று நாம் சொன்னதும் ஒரு நிரல்தானே.

இரண்டாம் நாள் ஆண்பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டார்கள். இராமானுசர் திருக்கோஷ்டியூர் நம்பியைப் பார்க்கப் பதினெட்டு முறை நடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. மூன்றாம் தடவை கோணிப்போனதும் விட்டுவிட்டு எழுந்தவனை, “இன்னும் பதினஞ்சு தடவை இருக்குப்பா” என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன்.

புள்ளி இல்லாமல்

செட்டிநாட்டு வீடுகளின் நடுவீட்டுக் கோலத்தைச் சொல்லாமல் விட முடியாது. பொங்கல், திருமணம் போன்ற நாள்களில் ஊறவைத்து அரைத்த அரிசி மாவைத் துணியில் நனைத்து, விரல் வழியே ஒழுகவிட்டுப் போடுவது. புள்ளி கிடையாது. நேர்கோடுகளும் சதுரங்களுமாக, கண்ணளவில் இணைகோடு இழுக்க வேண்டும். மாவு காய்ந்தபிறகுதான் வெள்ளை பளிச்சென்று தெரியும். போடும்போது பாதி கண்ணுக்குத் தெரியாது. ஏழாம் வகுப்பில் இணைகோடுகள் நடத்தும்போது, அளவுகோல் இல்லாமல் இரண்டு இணைகோடுகளைத் தரையில் இழுத்து, பிறகு இடைவெளியை மூன்று இடத்தில் அளந்து பார்க்கச் சொல்லலாம். கை எங்கே விலகுகிறது என்று தெரியும். புள்ளியில்லாத பூ ரங்கோலிக்கும் இதையே செய்யலாம்: நடுவிலிருந்து எட்டு இதழைக் கண்ணளவில் பிரித்துவிட்டு, கோணமானியை வைத்து எது 45 பாகை, எது 40 பாகை என்று பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள்

இதை எல்லா வீட்டுக்கும் கட்டாய வீட்டுப்பாடமாக்க வேண்டாம். துக்கம் நடந்த வீட்டில் கோலம் போட மாட்டார்கள். அந்தப் பிள்ளையை ஏன் போடவில்லை என்று வகுப்பில் கேட்டுவிடக் கூடாது. கோலம் போடும் வழக்கமே இல்லாத வீடுகளும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டிலிருந்த ஓலைக் கொட்டானைக் கொண்டுவந்து, ஓலை மேலும் கீழுமாகப் போவதைக் காட்டியது. இன்னொன்று மருதாணிக் கோலத்தைக் கையிலேயே போட்டு வந்தது. இரண்டும் பாடத்துக்குள் அடங்கின. வாசல் இல்லாத வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வராந்தா இருக்கிறது.

பொடி விஷயத்தில், வகுப்பறைக்குள் கல்மாவுப் பொடியைத் தவிர்ப்பது நல்லது. முப்பது பிள்ளைகள் சேர்ந்து இழுத்தால் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். சுண்ணக்கட்டியும் ஈரத் தரையும் போதும். வீட்டில் பொடியால் போடட்டும். கோலத்துக்குப் பரிசு, முதலிடம் என்று வைக்காதீர்கள். அழகாகப் போடுகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கோணலாகப் போட்டாலும் கம்பியைச் சரியாக எண்ணுகிற பிள்ளை விலகிப் போய்விடும்.

“இதெல்லாம் சரி, பரீட்சைக்கு உதவுமா?” என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. பகாக் காரணிப்படுத்தும் படிகளை எழுதும் பயிற்சியைக் கோலம் தராது. அதை வழக்கம்போல நோட்டில்தான் செய்தோம். கரும்பலகை முன் நின்று விதியைச் சொன்ன அந்தப் பிள்ளை இரண்டாம் பருவத் தேர்வில் படிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். விடை சரி. “எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன். விடைத்தாளின் ஓரத்தில் சிறு புள்ளிகள் வைத்துச் சதுரம் சதுரமாகக் கழித்திருந்ததைக் காட்டினாள். அந்தக் கழித்தலை எண்களில் எழுதச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது எழுதுகிறாள்.

இந்த ஆண்டு வைர வடிவத்துக்குப் போயிருக்கிறோம். நேர்ப்புள்ளியில் 1-3-1 வைத்து அதே விதிகளில் போட்டால் ஒரே கம்பி. 1-3-5-3-1 வைத்தால் மூன்று. இதற்குக் காரணத்தையும் பிள்ளைகளே பிடித்துவிட்டார்கள்: நான்கு நுனிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் புள்ளிகளைக் கம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்; அவற்றை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது பழைய 3-க்கு 3. அடுத்தது 1-3-5-7-5-3-1. நுனிகளை எடுத்தாலும் இங்கே செவ்வகம் மிஞ்சாது. அரையாண்டு விடுமுறை மார்கழியில் வருவதால், அதை வாசலில் பெரிதாகப் போட்டு, கம்பிக்கு ஒரு நிறம் கொடுத்து எண்ணி வரச் சொல்லியிருக்கிறேன்.